அக்கா குடிமகள், தம்பி சட்டவிரோதக் குடியேறி

கேரளத்தில், புனலூரில் ஒரு வக்கீல் ஆபீசில் இருபது வருடத்துக்கு மேலாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். செக் கேஸ், பாகப்பிரிவினை, விவாகரத்து என்று வருகிறவர்கள் ஃபைலோடு வருவார்கள். குளத்தூப்புழை, ஆயிரநல்லூர் ரப்பர் தோட்டத்திலிருந்து வருகிற தமிழ்க்காரர்கள் மட்டும் துணிக்கடைப் பையோடு வருவார்கள். பைக்குள் ஒரு பை, அதற்குள் இன்னொரு பை, கடைசியில் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, செலோடேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகிப்போன ஒரு காகிதம். இலங்கையிலிருந்து வந்தபோது பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கிடைத்த குடும்ப அட்டை. கையில் கொடுக்கும்போதே, "பாத்து சாரே, கிழிஞ்சிரும்" என்பார்கள். சொத்துப் பத்திரத்தைக்கூட யாரும் அவ்வளவு பதமாகக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

போன ஐப்பசி மழையில் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். எழுபது வயதிருக்கும், ரப்பர் பால்வெட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கூடவே தமிழ்நாட்டில் ஓர் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் அவருடைய தம்பியும், தம்பி மகளும். (ஆள் அடையாளம் தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அந்தப் பெண் 2006இல் பிறந்தவள், நர்சிங் படிக்கிறாள். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாள், கிடைக்கவில்லை. அவளுடைய அண்ணன் 2002இல் பிறந்தவன், பாஸ்போர்ட் வாங்கி வளைகுடாவுக்கு வேலைக்கே போய்விட்டான். ஒரே அப்பா, ஒரே அம்மா, பிரசவம் நடந்ததும் ஒரே அரசு ஆஸ்பத்திரியில். அண்ணன் இந்தியன், தங்கை இல்லை.

மேலே போனால் இன்னொரு வேடிக்கை. அத்தை இந்தியக் குடிமகள், வோட்டுப் போடுகிறார், பென்ஷன் வாங்குகிறார். அவருடைய கூடப்பிறந்த தம்பி, சட்டத்தின் வார்த்தையில், சட்டவிரோதக் குடியேறி.

அந்தப் பெண் என்னிடம் கேட்ட கேள்வி ரொம்பச் சின்னது. "சார், சட்டவிரோதம்னா எங்கப்பா என்ன தப்பு பண்ணாரு?"

அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். சட்டம் படிக்காதவர்களுக்காக எழுதுவது. வக்கீல்கள் படித்தால் அங்கங்கே மூக்கைச் சுளிக்கலாம், பரவாயில்லை.

பந்தலும் குடும்ப கார்டும்

முதலில் இரண்டு சட்டங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

ஒன்று குடிவரவுச் சட்டம். வெளிநாட்டவர் யார் உள்ளே வரலாம், எந்தக் காகிதத்தோடு வரலாம், எத்தனை நாள் இருக்கலாம், இருக்கக் கூடாதவரை எப்படி வெளியே அனுப்பலாம் என்பது. இன்னொன்று குடியுரிமைச் சட்டம். யார் இந்த நாட்டின் ஆள் என்பது. கல்யாண வீட்டுப் பந்தலுக்குள் வர ஒரு பத்திரிகை போதும். அந்த வீட்டு ரேஷன் கார்டில் பெயர் ஏற வேறு வழி வேண்டும். பந்தலில் உட்கார்ந்து முப்பது வருடம் சாப்பிட்டாலும் கார்டில் பெயர் தானாக ஏறிவிடாது.

மாநில எல்லைக்கு இது எதுவும் பொருந்தாது. ஆரியங்காவு செக்போஸ்டில் மணல் லாரியையும் கோழி லாரியையும் நிறுத்துவார்கள், ஆளை நிறுத்தி "எந்த நாடு?" என்று கேட்க மாட்டார்கள். கொரோனா சமயத்தில் பாஸ் கேட்டதுதான் என் நினைவில் ஒரே விலக்கு. இந்தியாவுக்குள் எங்கும் போகவும் எங்கும் வசிக்கவும் குடிமக்களுக்கு அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவு உரிமை கொடுக்கிறது. சொல்லப்போனால் இங்கே ஆட்கள் நகர்ந்தது போதாதென்று எல்லையே நகர்ந்திருக்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம்தான் இருந்தது. அன்று அங்கே தூங்கி எழுந்தவர்கள் வேறு மாநிலத்தில் எழுந்தார்கள், ஒரு ஃபாரம்கூட நிரப்பாமல்.

அதனால் அஸ்ஸாமிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ இங்கே செங்கல் சூளைக்கு வருகிற பையன் குடியேறி அல்ல. கேரள அரசு அவர்களை ‘அதிதி தொழிலாளி’ என்று மரியாதையாகச் சொல்கிறது. டீக்கடையில் சொல்கிற பெயர் வேறு. அந்தப் பெயரில் ஒரு நாட்டையே சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். சட்டப்படி அவன் உரிமை என் உரிமைக்கு ஒரு இம்மி குறைந்ததல்ல.

ஒரு வரியில் ஒரு ஆள்

சரி, சட்டவிரோதக் குடியேறி யார்? குடியுரிமைச் சட்டம் 1955இன் பிரிவு 2(1)(பி)யில் இருக்கிறது. 2003இல் திருத்திச் சேர்த்தது. சாரம் இவ்வளவுதான்: செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டோ பயண ஆவணமோ இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர், அல்லது சரியான ஆவணத்தோடு வந்து, அனுமதித்த காலம் தாண்டியும் தங்கிவிட்ட வெளிநாட்டவர்.

திருடினாரா, கொன்றாரா என்று அந்த வரி கேட்கவில்லை. ஏன் வந்தார், குண்டுக்குப் பயந்தா, கூலிக்கா என்றும் கேட்கவில்லை. என்ன மொழி, தாத்தா எந்த ஊர், அதுவும் கிடையாது. வெளிநாட்டவர் என்றால் இந்தியக் குடிமகன் அல்லாதவர், அவ்வளவே. பாட்டன் திருச்சிராப்பள்ளிக்காரராக இருந்தாலும் குடிமகன் என்று காட்டக் காகிதம் இல்லாவிட்டால் அந்த வார்த்தைக்குள் விழுந்துவிடுவார்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன முதல் பதில் இதுதான்: "உங்கப்பா தப்புப் பண்ணினார்னு சட்டம் சொல்லலம்மா. படகுல ஏறும்போது கையில காகிதம் இல்லைன்னு சொல்லுது."

இன்னொரு சங்கதியும் தெரிந்திருக்க வேண்டும். சாதாரணக் குற்ற வழக்கில் நிரூபிக்க வேண்டியது போலீஸ். இங்கே தலைகீழ். ஒருவர் வெளிநாட்டவரா இல்லையா என்ற கேள்வி வந்தால், இல்லை என்று காட்ட வேண்டிய சுமை அவர் தலையில். 1946ஆம் வருட வெளிநாட்டவர் சட்டத்தில் இப்படி இருந்தது. அந்தச் சட்டத்தையும் இன்னும் மூன்று பழைய சட்டங்களையும் எடுத்துவிட்டு 2025 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. ஆவணமின்றி நுழைந்தால் ஐந்து வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். விசா காலம் தாண்டித் தங்கினால் மூன்று வருடம், மூன்று லட்சம் வரை.

புதுச் சட்டம் வந்தபோது முகாம்களில் எல்லோரும் பயந்தார்கள். கூடவே ஒரு விலக்கு உத்தரவும் வந்தது: 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து, பதிவும் செய்திருக்கிற இலங்கைத் தமிழர்கள் மேல் இந்தத் தண்டனைப் பிரிவுகள் பாயாது. நல்லதுதான். ஆனால் ‘பிடித்து உள்ளே போட மாட்டோம்’ என்பது ஒன்று, ‘நீ எங்கள் ஆள்’ என்பது வேறொன்று. அந்த உத்தரவு குடியுரிமைச் சட்டத்தைத் தொடவில்லை. ஜெயில் பயம் போனது, பெயர் போகவில்லை.

பதுளையிலிருந்து குளத்தூப்புழைக்கு

அக்காவும் தம்பியும் ஏன் பிரிந்தார்கள் என்று புரிய வேண்டுமென்றால் 1948க்குப் போக வேண்டும். நீளமான கதை, ஆனால் இதைத் தாண்டிப் போனால் மீதி எதுவும் விளங்காது.

இலங்கை சுதந்திரம் பெற்ற அதே வருடம் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் அங்கேயே பிறந்திருந்தாலும் போதவில்லை. அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பா வழித் தாத்தாவும் அவருடைய அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அதற்கு அத்தாட்சியும் வேண்டும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த பிள்ளைக்கு மூன்று தலைமுறைப் பிறப்புப் பதிவு எங்கே இருக்கும்? 1949இல் இன்னொரு சட்டம்: கல்யாணமானவர்கள் ஏழு வருடம், ஆகாதவர்கள் பத்து வருடம் இடைவிடாமல் அங்கே இருந்ததைக் காட்டினால் பதிவு செய்துகொள்ளலாம் என்றது. சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது 1,34,000 பேர் அளவில்தான். இடையில் ஊருக்குக் கல்யாணத்துக்கோ சாவுக்கோ போய்வந்ததே ‘இடைவெளி’ ஆகிவிட்டது பலருக்கு.

அதே 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள், வோட்டும் போயிற்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஆறேழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது, தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமானும் அதில் ஒருவர். அடுத்த தேர்தலில் அந்த வோட்டர்களே இல்லை.

இதை எதிர்த்து நீதிமன்றம் போனவர் கோடகன் பிள்ளை. வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்க மறுத்ததை எதிர்த்து, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் செய்யும் சட்டம் போடக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே இருந்த 29ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு இலங்கைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். 1953இல் தோற்றார். இந்தியத் தமிழர்களின் இடம்பெயரும் பழக்கம் அவர்கள் குடிமக்களாகத் தகுதியானவர்களா என்ற கேள்விக்குச் சம்பந்தமுள்ளதே, அது ஒரு சமூகத்தைக் குறிவைப்பது ஆகாது என்று அங்கே நீதிபதிகளாக இருந்த பிரபுக்கள் முடிவு செய்தார்கள். கங்காணி கூட்டிப்போய்க் காடு வெட்டவைத்தவர்கள் யார் என்ற கேள்வி அந்தத் தீர்ப்பில் வரவில்லை. என் வக்கீல் இந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசினால் அன்றைக்கு எனக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக முடியாது.

அதே விஷயத்தில்தான் இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்தார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. அவரும் வக்கீல்தான். அவருடைய மகன் சந்திரகாசனும் வக்கீல். சென்னையில் 1984இல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கியவர். அப்பா எதிர்த்த சட்டத்தின் பின்விளைவுகளை மகன் முகாம் முகாமாகப் பிறப்புச் சான்றிதழ் வாங்கிக்கொடுத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது.

இலங்கை வேண்டாம் என்றது, இந்தியா இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. இப்படி எந்த நாட்டுக் கணக்கிலும் வராதவர்தான் நாடற்றவர். ஒன்றிரண்டு பேர் அல்ல, 1964இல் பேச்சு நடக்கும்போது 9,75,000 பேர். அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். தேங்காய் வியாபாரத்தில்கூட இத்தனை சுத்தமாகப் பங்கு பிரிக்க மாட்டார்கள்.

ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம் ஆகவில்லை, அந்த டிசம்பரில் வந்த புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோய்விட்டது. அதனால் வந்தவர்கள் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனார்கள். நம்ம அக்கா 1975இல், புருஷனோடும் கைக்குழந்தையோடும் வந்தார். அவர் ஊர் இலங்கை மலைநாட்டில் பதுளைப் பக்கம். கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரக அலுவலகத்தில் மனு போட்டு, குடியுரிமைச் சட்டம் பிரிவு 5(1)(பி)யில் பதிவாகி, இந்திய பாஸ்போர்ட் கையில் வாங்கிக்கொண்டு கப்பலேறியவர். அதாவது கடலைத் தாண்டும்போதே அவர் இந்தியர். அகதி இல்லை, குடியேறிகூட இல்லை. ‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசாங்கம் பெயர் வைத்தது. ‘சிலோன்காரங்க’ என்று எங்கள் ஊர் பெயர் வைத்தது.

அவர்களைக் குடியமர்த்தத்தான் புனலூரைத் தலைமையிடமாக வைத்து 1976இல் ரீஹாபிலிடேஷன் பிளான்டேஷன்ஸ் கம்பெனி பதிவானது. மத்திய அரசும் கேரள அரசும் பங்குதாரர்கள். ஆர்.பி.எல். என்றால்தான் இங்கே ஆட்டோக்காரருக்குப் புரியும். தேயிலை கிள்ளிய கைகள் ரப்பர் மரத்தில் கத்தி வைக்கக் கற்றுக்கொண்டன. பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் வீட்டில் மலைநாட்டுத் தமிழும் பேசினார்கள். ‘பௌரத்வம்’, ‘குடியுரிமை’ என்று நாங்கள் சொல்வதை அந்த அம்மா இன்றைக்கும் ‘பிரஜாவுரிமை’ என்றுதான் சொல்கிறார்.

தம்பி? அப்பாவின் மனு கண்டியில் வரிசையில் கிடந்தது. 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு ஓடினார்கள். 1983க்குப் பிறகு அங்கேயும் இருக்க முடியவில்லை. கப்பல் போக்குவரத்தும் நின்றது. மனு என்னவாயிற்று என்று கேட்கப் போக முடியாத நிலையில், 1985இல் மன்னாரிலிருந்து ராத்திரிப் படகு. விடியற்காலை ராமேஸ்வரக் கரை. போலீஸ் பதிவு, மண்டபம் முகாம். அக்கா இறங்கிய அதே கரை, அதே முகாம். நடுவில் பத்து வருடமும் ஒரு முத்திரையும்.

அவரை எல்லோரும் அகதி என்கிறோம். ஆனால் இந்தியச் சட்டத்தில் அகதி என்று தனியாக ஒரு வகை இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, அகதிகளுக்கென்று சட்டமும் போடவில்லை. உதவித்தொகை, வீடு, அரிசி எல்லாம் அரசாணைகளால் ஓடுகிறது. 2021இல் தமிழ்நாட்டில் முகாமின் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள். பலகை மாறியது, குடியுரிமைச் சட்டத்தின் வரி மாறவில்லை.

பிறந்த தேதி

இப்போது அண்ணன் தங்கை விவகாரம். இந்திய மண்ணில் பிறந்தால் இந்தியன் என்பது ஒரு காலத்தில் சரிதான். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இங்கே பிறந்த எல்லோரும், ஒன்றிரண்டு விலக்கு தவிர, பிறப்பாலேயே குடிமக்கள். பெற்றோர் யார் என்று பார்ப்பதில்லை. 1987 ஜூலை 1 முதல் அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் அதுவும் போதாது: ஒருவர் இந்தியராகவும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

தம்பி கட்டிக்கொண்டது தென்காசிப் பக்கத்துப் பெண்ணை. அவர் இந்தியர். 2002இல் பிறந்த மகனுக்கு அம்மா இந்தியர் என்பதே போதுமானதாயிற்று. 2006இல் மகள் பிறக்கும்போது சட்டம் அப்பாவையும் திரும்பிப் பார்த்தது. அம்மாவின் குடியுரிமை அவளைக் காப்பாற்றவில்லை.

கல்யாண வழியாக அப்பாவையே இந்தியராக்கலாமே என்று தோன்றும். இந்தியரைக் கல்யாணம் செய்து ஏழு வருடம் இங்கே வசித்தவர் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவின் வாசலிலேயே ‘சட்டவிரோதக் குடியேறி அல்லாதவர்’ என்று எழுதி வைத்திருக்கிறது. நீண்ட காலம் வசித்ததைக் காட்டிக் குடியுரிமை கேட்கும் பிரிவிலும் அதே பலகைதான். ஒரே வார்த்தை எல்லாக் கதவிலும் பூட்டாகத் தொங்குகிறது.

1987க்கு முன்னால் மண்டபம் முகாமில் பிறந்தவர்கள் கதை இதற்கு நேர் எதிர். அவர்கள் சட்டப்படி இந்தியர்கள், ஆனால் முகாம் பதிவேட்டில் இலங்கையர் என்று எழுதியிருப்பதால் பலருக்கு அது தெரியவே தெரியாது. அப்படி ஒரு பெண் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டு, உயர் நீதிமன்றம் போய் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் முதல்முறை வோட்டுப் போட்டார். அவருக்குக் குடியுரிமையை யாரும் கொடுக்கவில்லை. பிறந்த அன்றே இருந்ததைக் காட்டிக்கொடுத்தார்கள்.

யார் கேள்வி கேட்கிறார்கள்

வெளிநாட்டவரை வெளியேற்றும் அதிகாரம் மத்திய அரசுக்கு அநேகமாக எல்லையில்லாதது. ஹான்ஸ் முல்லர் என்ற ஜெர்மானியர் வழக்கில் 1955இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் வெளிநாட்டவர் ஒன்றுமில்லாதவர் அல்ல. அரசியல் சாசனத்தில் சில உரிமைகள் ‘குடிமக்களுக்கு’, சில ‘எந்த ஆளுக்கும்’. எங்கும் வசிக்கிற உரிமை முதல் வகை. சட்டத்தின் முன் சமம் என்பதும் உயிர் வாழும் உரிமையும் இரண்டாம் வகை. 1996இல் அருணாச்சலப் பிரதேசத்துச் சக்மா அகதிகளை விரட்டப் பார்த்தபோது, உயிரைக் காக்க வேண்டியது மாநிலத்தின் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த இரண்டாம் வகையை வைத்துத்தான். அதே நீதிமன்றத்தில் 2025 மே மாதம், ஓர் இலங்கைத் தமிழரின் மனுவை விசாரிக்கும்போது, உலகத்து ஆட்களை எல்லாம் வைத்துக்கொள்ள இந்தியா தர்மசத்திரமா என்ற தொனியில் நீதிபதிகள் கேட்டார்கள். நீதிமன்றத்துக்கும் மழை, வெயில் உண்டு.

நம்ம ஆட்களுக்கு முக்கியமான தீர்ப்பு 2019 ஜூன் 17. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் கொடுத்தது. மனுதாரர்கள் 65 பேர், எல்லோரும் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்கள், நம்ம தம்பியைப் போலப் படகில் வந்தவர்கள். சட்டத்தின் வார்த்தையை நேராகப் படித்தால் அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள்தான், ஆனால் கலவரத்துக்குத் தப்பி வந்தவர்களை அப்படியே அந்தச் சட்டத்தில் அடைத்துவிட வேண்டியதில்லை, தளர்த்திக்கொள்ளும் அதிகாரம் மத்திய அரசுக்கு உள்ளுறையாக இருக்கிறது என்று அவர் எழுதினார். புதிதாக மனு கொடுக்கச் சொல்லி, 16 வாரத்தில் முடிவெடுக்கச் சொன்னார். குடியுரிமையை நீதிமன்றம் நேரடியாகத் தரவில்லை, தரவும் முடியாது. வழக்கு போட வருகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் மிச்சம்.

அதே வருடக் கடைசியில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பங்களாதேஷிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களைச் சட்டவிரோதக் குடியேறி என்ற வார்த்தையிலிருந்து எடுத்துவிட்டது. அதாவது பூட்டைத் திறக்க முடியும் என்று பாராளுமன்றமே காட்டிவிட்டது. முஸ்லிம்களுக்கும் இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கும் சாவி இல்லை. முஸ்லிம்களை விட்டதை எதிர்த்துக் கேரளத்திலிருந்து முஸ்லிம் லீக் உச்ச நீதிமன்றம் போனது. 2019 டிசம்பர் 31இல் கேரளச் சட்டசபை தீர்மானம் போட்டது. 2020 ஜனவரியில் மாநில அரசே, மத்திய அரசுக்கு எதிராக மாநிலம் நேராக உச்ச நீதிமன்றம் போக வழிசெய்யும் அரசியல் சாசனத்தின் 131ஆம் பிரிவில் வழக்குத் தொடுத்தது, அப்படிச் செய்த முதல் மாநிலம். இலங்கைத் தமிழர் ஏன் இல்லை என்ற கேள்வி தமிழ்நாட்டில்தான் உரக்கக் கேட்டது. அந்தச் சட்டத்தின் தத்துவம் இலங்கை இந்துத் தமிழர்களுக்கும் பொருந்தும் என்று 2022இல் மதுரைக் கிளை ஒரு வழக்கில் சொன்னது. என் கருத்தைக் கேட்டால், மதத்தை வைத்துச் சாவி செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் முகாமில் நாற்பது வருடம் இருப்பவரிடம் போய் அந்தத் தத்துவம் பேசவும் எனக்கு வாய் வராது.

மேஜை மேல் நடப்பது

சினிமாவில் வருகிற கோர்ட் வசனத்தை மறந்துவிடுங்கள். இந்த வகை வேலையில் முக்கால்வாசி எழுத்துப்பிழை பார்ப்பது. இலங்கைக் காகிதத்தில் முத்தையா, மண்டபத்தில் முத்தய்யா, பள்ளிச் சான்றிதழில் மலையாள எழுத்து வழியாக வந்து வேறு ஏதோ. தோட்டத்தில் வயதைக் குத்துமதிப்பாகப் போட்டிருப்பார்கள், அதனால் அண்ணனைவிடத் தம்பி மூத்தவனாக இருப்பான். கேரளாவில் எல்லா ஃபாரத்திலும் ‘வீட்டுப்பேர்’ என்று ஒரு கட்டம் உண்டு. மலையாளிக்குத் தறவாட்டுப் பெயர் இருக்கும். லயத்திலிருந்து வந்தவருக்கு ஏது? ஆரம்ப காலத்தில் யாரோ குவார்ட்டர்ஸ் நம்பரை எழுதிவிட்டார்கள். குவார்ட்டர்ஸ் மாறினால் குடும்பப் பெயரே மாறிவிடும். வில்லேஜ் ஆபீசில் இதற்கென்றே ஒரு சான்றிதழ் தருகிறார்கள், ‘ஒன் அண்ட் சேம்’ சர்ட்டிபிகேட். இந்த ஆளும் அந்த ஆளும் ஒரே ஆள்தான் என்று. அந்த அம்மாவிடம் இதுபோல் நாலு இருக்கிறது.

வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது சில உண்டு. பழைய அசலை லேமினேட் செய்யாதீர்கள், முத்திரையைச் சரிபார்க்க முடியாது என்று திருப்பிவிடுவார்கள். ஆதார் குடியுரிமைக்கு அத்தாட்சி அல்ல, அது இங்கே வசிக்கிற யாருக்கும் கிடைக்கும், அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஏஜெண்டு யாராவது ‘வோட்டர் ஐடி எடுத்துத் தருகிறேன், அதை வைத்துப் பாஸ்போர்ட்’ என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். நுழைவு குற்றமா இல்லையா என்று நாற்பது வருடம் வாதாடலாம், பொய் வாக்குமூலத்துக்கு வாதமே கிடையாது. நியாயமான கோரிக்கை இருந்த இரண்டு குடும்பங்கள் அப்படிக் கெட்டுப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வக்கீல் சட்டப் புத்தகத்தை எடுத்து அதே 2(1)(பி)யை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னிடம் நீட்டி ஒரு வார்த்தையில் விரல் வைத்தார். ‘நுழைந்த.’ இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர். அப்பா நுழைந்தார், சரி. இவள் எங்கிருந்து நுழைந்தாள்? பிறந்தது முதல் ஆரியங்காவைத் தவிர வேறு எந்த எல்லையையும் தாண்டாதவள். குடிமகள் இல்லை என்று பிறப்புப் பிரிவு சொல்கிறது, சட்டவிரோதக் குடியேறி என்றும் சொல்ல முடியாமல் வார்த்தை தடுக்கிறது. அப்படியானால் பூட்டுத் தொங்காத ஒரு கதவு அவளுக்கு இருக்கிறது என்று வாதிடலாம். ஜெயிக்குமா என்று கேட்டால் அவர் சிரிப்பார். மனுவைக் கலெக்டர் வழியாக அனுப்புவது, பதில் வராவிட்டால் மதுரைக்குப் போவது என்று முடிவாயிற்று. மதுரையில் அவருக்குத் தெரிந்த ஜூனியர் ஒருவர் இருக்கிறார்.

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பையைத் திரும்பவும் மடித்துக்கொண்டிருந்தார். பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த இடம் எல்லாம் ஓடிவிட்டது. ‘இந்தியாவுக்குள் நுழைந்த தேதி’ என்ற கட்டத்தில் பேனா நின்றது. வக்கீலைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பொறந்த தேதியைப் போடு" என்றார்.

"நுழைந்த இடம்?"

அதை அந்தப் பெண்ணே பேனாவை வாங்கி எழுதினாள். அரசு ஆஸ்பத்திரி, பிரசவ வார்டு.